நாலாவது எண்

அத்தியாயம் 17

சபதம் போடுவது சுலபம். போட்ட மறுநாள் காலையில் எழுந்து அதே வாயைக் கொப்பளிப்பதுதான் கஷ்டம்.

லிஃப்ட்காரர் சனிக்கிழமை காலை வாய் கொப்பளித்தபடியே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் அவர் ஓங்கித் தட்டியதில் டம்ளர் மூன்றும் துள்ளிக் குதித்து, ஒன்று தரையில் உருண்டு, சோபாவுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. மேல்மாடி, கீழ்மாடி, பக்கத்து வீட்டுப் பூனை வரை அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் முழங்கியது இதுதான்: நாளை நாலு மணிக்குக் கேபிள் வருகிறது. டிவியில் படம் காட்டும் இந்த ஆப் இந்த வீட்டை விட்டு ஒழிகிறது. இரண்டும் ஒரே சுவரில் இருக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பந்தயத்தின் கடைசி நிமிடம். பந்து வலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் முளைத்துச் சுற்ற ஆரம்பித்தது. பந்து நின்றது, ஆட்டக்காரர் அந்தரத்தில் நின்றார், லிஃப்ட்காரரின் மூச்சும் நின்றது. அதற்குள் பக்கத்து வீட்டில் கேபிள் வைத்திருக்கும் புண்ணியவான்கள் கும்பலாகக் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். சுவர் அதிர்ந்தது. முடிவு சுவர் வழியாகவே தெரிந்துவிட்டது. நாற்பது விநாடி கழித்து வட்டம் விலகி இவர் வீட்டில் வந்தது என்னவென்றால், தலைப்பொடுகுக்கு ஒரு விளம்பரம்.

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நகரத்தில் பாதிப் பேரை மேலே அனுப்பியவர், அதுவும் உயிரோடு. ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்பது அவர் வாழ்க்கையின் ஒரே தத்துவம். ஐந்தை அமுக்கினால் ஐந்தாம் மாடி. கேபிள் காலத்திலும் அப்படித்தான். பன்னிரண்டை அமுக்கினால் செய்தி, முப்பத்தொன்றை அமுக்கினால் பாட்டு. இந்த ஆப்போ பட்டனை அமுக்கினால் கேள்வி கேட்டது. யார் பார்க்கிறீர்கள் என்றது. பாதிப் படத்தில் நிறுத்தி, இன்னும் பார்க்கிறீர்களா என்று விசாரித்தது. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற என்னையே வந்து உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறதே என்று அவர் மனம் புண்பட்டார். போன மாதம் பாதி பார்த்த தொடர் இந்த மாதம் வேறொரு ஆப்புக்குக் குடிபோய்விட்டது, சொல்லாமல் கொள்ளாமல். பாஸ்வேர்டை அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடிப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கே போய்விடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. கேபிள் போனால் கேபிள்காரரைக் கூப்பிட்டுத் திட்டலாம். அவரும் வந்து, திட்டு வாங்கி, ஒரு காபி குடித்து, ஒயரை முறுக்கிவிட்டுப் போவார். ஆப்பில் திட்டுவதற்கு ஆளே கிடையாது. திட்ட ஆளில்லாத தொழிலை லிஃப்ட்காரர் தொழிலாகவே மதிக்கவில்லை.

இத்தனை இருந்தும், சபதம் போட்டவர் ஏன் இன்று காலை பேதி மாத்திரை விழுங்கியவர் மாதிரி நிற்கிறார்?

அதற்கு நாலாவது முகம்தான் காரணம்.

ஆப்பைத் திறந்தால் திரையில் நான்கு சின்ன முகங்கள் வரும். முதலாவது மீசை வைத்த முகம், அவருடையது. இரண்டாவது நரி, அவர் மனைவியினுடையது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள் அவள். அந்த நரியைத் தேர்ந்தெடுத்தது தான் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். மூன்றாவது மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், அதாவது பெரியவள்.

நாலாவது, ஒரு கண்ணை மட்டும் திறந்து சிரிக்கும் பச்சை முகம். அது சின்னவன்.

சின்னவன் வீட்டை விட்டுப் போய் பதினாலு மாதம் ஆகிறது. படிப்பைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் வேலைக்குப் போகிறேன் என்றான். பத்துப் பேர் கூடியிருந்த சபையில் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். "என் பிள்ளை நாய்க்குச் சவரம் பண்ணப் போறான், யாருக்காவது நாய் இருந்தா சொல்லுங்க." சபை சிரித்தது. சின்னவன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அதற்குப் பிறகு அப்பாவோடும் பேச்சில்லை, அம்மாவோடும் பேச்சில்லை. அக்காவின் போனுக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஒற்றை வார்த்தை வரும்: இருக்கேன்.

ஆனால் வீட்டோடு இருந்த மற்ற எல்லாக் கம்பியையும் அறுத்தவன், ஆப்பை மட்டும் அறுக்கவில்லை. இங்கிருந்த பாஸ்வேர்டையே அங்கேயும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தினமும் காலை ஐந்து மணிக்கு, வீடு தூங்கும்போது, லிஃப்ட்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவியைப் போடுவார். நாலாவது முகத்தை அமுக்குவார். நேற்று என்ன பார்த்தான், எத்தனை நிமிடம் பார்த்தான் என்று ஒரு சிவப்புக் கோடு காட்டும். பன்னிரண்டாவது நிமிடத்தில் கோடு நின்றிருந்தால், அலுப்பில் தூங்கிவிட்டான். சிரிப்புப் படம் முழுசாக ஓடியிருந்தால், மனசு நன்றாக இருக்கிறது. ஒருமுறை ஆறு நாள் எதுவுமே இல்லை. அந்த ஆறு நாளில் லிஃப்ட்காரர் மூன்று கிலோ இளைத்தார். ஏழாம் நாள் ஒரு சமையல் போட்டி பாதி ஓடியிருந்தது. அன்று அவர் காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார்.

கடந்த மூன்று மாதமாக அவரைக் குடைவது வேறு ஒன்று. கடலடி மீன்களைப் பற்றிய ஒரே ஒரு படத்தை, பகலெல்லாம், திரும்பத் திரும்ப, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பார்க்கிறான். வாலிப வயதில் ஒருவன் வேலை வெட்டியில்லாமல் பகலில் உட்கார்ந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? பிள்ளை மனம் உடைந்து கிடக்கிறான் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார்.

ஆப் போனால் அந்தச் சிவப்புக் கோடும் போகும். தன் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறார். நேரில் செய்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவருடைய கணக்கு வேறாக இருந்தது. வீட்டில் அவர் என்ன சொன்னாலும் மனைவி வேண்டாம் என்பாள். இது முப்பது வருஷ அனுபவம். கேபிள் என்று முழங்கினால் அவள் எதிர்ப்பாள். இவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுவிட்டு, சரி, உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று பெருந்தன்மையோடு இறங்கிவருவார். மீசையிலும் மண் ஒட்டாது.

மேசையில் ரொட்டியும் முட்டையும் இருந்தன. லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாவம், உனக்குப் பிடித்த தொடரெல்லாம் அதில்தானே வருகிறது, யோசித்துச் சொல் என்று மனைவிக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார்.

"யோசிச்சாச்சு," என்றாள் அவள். "நீங்க சொன்னதுதான் சரி. இன்னிக்கே எடுத்துடலாம்."

லிஃப்ட்காரருக்குப் புரையேறியது. பெரியவள் முதுகில் தட்டினாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவி தன்னோடு ஒத்துப்போன துயரத்தை அவரால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை.

மழை பெய்தால் மூன்று நாள் எட்டிப் பார்க்காத கேபிள்காரர், அன்று பார்த்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார். தோளில் ஏணி, கழுத்தில் ஒயர்ச் சுருள், முகத்தில் போரில் வென்ற ராஜா களை. போன வருஷம் இதே வீட்டில் அவருடைய ஒயரைப் பெரியவள் கழற்றிக் கையில் கொடுத்தபோது அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார், போனவங்க எல்லாரும் திரும்பி வருவாங்க என்று.

"வந்தீங்க பாத்தீங்களா சார்," என்றார் இப்போது.

லிஃப்ட்காரர் அவரை உட்காரவைத்தார். காபி கொடுத்தார். இன்னொரு காபி கொடுத்தார். குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். கேபிள்காரர் தன் மாமியாரின் மூட்டுவலி வரை சொல்லி முடித்து எழுந்தபோது, லிஃப்ட்காரரின் கண் ஏணி மேல் விழுந்தது. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே. ஏணியைப் படுக்கப்போட்டு, ஒவ்வொரு படியாகத் தட்டி, ஆட்டி, ஆணிகளை எண்ணி, இது பாதுகாப்பான ஏணியே இல்லை, இதில் ஒரு மனிதனை ஏற்ற என் மனசாட்சி இடம் கொடுக்காது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஏணியில் இருபது வருஷமாக ஏறுகிறேன் என்றார் கேபிள்காரர். அதனால்தான் சொல்கிறேன் என்றார் இவர். ஸ்பேனரும் ஆணியும் எடுத்துவந்து ஏணிக்கு ஒரு முழு ஆப்பரேஷனே நடந்தது. மணி மூன்றரை ஆகிவிட்டது.

கேபிள்காரருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, அந்த ஆப்பும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே சார், எங்க ஒயர் அதைக் கடிக்கவா போகிறது என்றார். லிஃப்ட்காரர் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை.

"அதெல்லாம் வேணாம்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு குடித்தனம் நடத்துற வயசு இல்ல இவருக்கு."

கேபிள்காரர் மறுபேச்சு பேசாமல் ஏணியோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரிமோட்டை எடுத்து ஆப்பைத் திறந்தாள். நான்கு முகங்களும் வரிசையாகச் சிரித்தன.

"அந்த மீன் படத்த இன்னிக்குக் காலைல மட்டும் மூணு தடவ பாத்திருக்கான்," என்றாள் திரும்பாமலே.

லிஃப்ட்காரர் எந்த மீன் என்று கேட்டார். நடிப்பு அவருக்கே சகிக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு நீங்க பாத்துட்டு நடக்கப் போவீங்க. ஆறு மணிக்கு நான் பாப்பேன். நீங்க எந்த முகத்துல விட்டுட்டுப் போனீங்களோ, அங்கேயேதான் நிக்கும். பதினாலு மாசமா நிக்குது."

பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். ஏழு மணிக்கு அவளும் பார்ப்பது இருவருக்கும் தெரியாது.

"தெரிஞ்சுமா எடுக்கணுங்கிற?" என்றார் லிஃப்ட்காரர்.

"தெரிஞ்சதாலதான். இது ஒண்ணு இருக்கிற வரைக்கும் அவன் போன் பண்ண மாட்டான், நீங்களும் பண்ண மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் இதுவே போதும்னு ஆயிடுச்சு. சாவித்துவாரத்துல கண்ண வச்சுப் பாக்கறதுக்குப் பேரு குடும்பமா? அறுத்துட்டா, ஏன் அறுத்தீங்கன்னு சண்ட போடவாவது கூப்பிடுவான்."

"கூப்பிடலேன்னா?"

அவள் ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டினாள். வேலையிடத்தில் ஊசியைக் கையில் எடுத்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தோடு, 'சந்தாவை நிறுத்து' என்ற பட்டனை அமுக்கினாள்.

அடுத்த பத்து நிமிடம், லிஃப்ட்காரர் அந்த ஆப்பை முதல் தடவையாக நேசித்தார்.

அது போக மறுத்தது. நிச்சயமாகவா என்றது. ஏன் எங்களைப் பிரிகிறீர்கள் என்று ஒன்பது காரணங்களை வரிசையாகப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்தால், அந்தக் குறையை அடுத்த வாரமே சரிசெய்வதாகச் சத்தியம் பண்ணியது. உங்களுக்காகக் காத்திருக்கும் படங்கள் என்று அறுபது போஸ்டரைக் கொட்டியது. 'ஆமாம்' பட்டனை மூலையில் கடுகு அளவுக்கு வைத்துவிட்டு, 'இல்லை'யைப் பூசணிக்காய் அளவுக்கு வைத்தது. அப்படித்தான், விடாதே என்று லிஃப்ட்காரர் மனதுக்குள் அதைத் தட்டிக்கொடுத்தார். அவளோ கல்லுளிமங்கியாகக் கடுகுகளையே தேடித் தேடி அமுக்கினாள். கடைசியில் ஆப் களைத்துப்போய், பாஸ்வேர்டைப் போடச் சொன்னது.

ரிமோட் லிஃப்ட்காரர் கைக்கு வந்தது. வீட்டில் பாஸ்வேர்டு அடிப்பது எப்போதும் அவர் வேலை. சின்னவன் வைத்த பாஸ்வேர்டு, கப்பல் கட்டும் கயிறு மாதிரி நீளம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

தப்பாக அடித்தார்.

மறந்துபோய்விட்டதே என்று தலையைச் சொறிந்துகொண்டு இரண்டாவது தடவையும் தப்பாக அடித்தார். நாலு மணி அடிக்கட்டும், கேபிள்காரர் இறங்கிவரட்டும், ராத்திரி சாப்பாடு வரட்டும், நாளை என்று ஒரு நாள் வராமலா போகும் என்பது திட்டம். மூன்றாவது தடவை, அவர் அம்புக்குறியை வேண்டுமென்றே இடது பக்கம் நகர்த்துவதைப் பெரியவள் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலாவது. ஐந்தாவது.

திரை இருண்டது. பிறகு பெரிய எழுத்தில் ஒரு வாசகம் வந்தது. பெரியவள்தான் வாசித்தாள்: யாரோ உங்கள் கணக்கைத் திருட முயற்சி செய்கிறார்கள். பாதுகாப்புக்காக எல்லா இடங்களிலும் எல்லாக் கருவிகளும் வெளியேற்றப்பட்டன. மீண்டும் நுழைய, கணக்கு வைத்திருப்பவரின் போனுக்கு நாலு எண் அனுப்பப்படும்.

"எல்லா இடத்துலயும்னா?" என்றார் லிஃப்ட்காரர்.

"எல்லா இடத்துலயும்தாம்ப்பா."

ஆப்பசைத்த குரங்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குக்கூட வால்தான் மாட்டியது. இவருக்கு உயிர் முழுவதும் மாட்டிக்கொண்டது. எந்த முகத்தைக் காப்பாற்ற ஐந்து தடவை பொய் சொன்னாரோ, அந்த முகத்தைத் தன் கையாலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தார்.

"பரவாயில்லையே," என்றாள் மனைவி. "நான் செய்ய நினைச்சத நீங்களே சுருக்கமா முடிச்சுட்டீங்க."

அப்போது அவருடைய போன் 'டிங்' என்றது.

நாலு எண்கள். அதன் கீழே ஒரு வரி: 'கடை டிவி' என்ற கருவி உள்ளே வரக் கேட்கிறது. எண் பத்து நிமிடத்துக்குச் செல்லும்.

மூவரும் போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டவன் ஒருவன்தான்.

"கடையா?" என்றார் லிஃப்ட்காரர். "யாரு கடை? வேலைக்குப் போறேன்னுதானே போனான்."

எனக்கும் தெரியாது என்றாள் பெரியவள். சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்தாள், எண்ணை அனுப்பிவிடலாம் என்று. அம்மா அதை அவள் கையிலிருந்து உருவி, நாற்காலியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கட்டும் என்றாள்.

பத்து நிமிடம் என்பது அறுநூறு விநாடி. லிஃப்ட் நின்றுபோன இருட்டுப் பெட்டிக்குள் எத்தனையோ பேர் அந்த அறுநூறு விநாடியை ஒரு யுகமாக எண்ணியிருக்கிறார்கள். வெளியே நின்று சாவியைத் திருகிக்கொண்டே, இதோ ஆச்சு என்று சொல்லும் பக்கத்திலேயே இருந்தவர் அவர். உள்ளே இருப்பது எப்படி என்று இன்றுதான் தெரிந்தது.

எண் செத்தது. போன் வரவில்லை.

'டிங்.' புதிதாக நாலு எண். சின்னவன் மறுபடி முயன்றிருக்கிறான். ஒரு நிமிடம் கழித்து மறுபடி 'டிங்.' மறுபடி.

"கதவப் போட்டு இடிக்கிறான்," என்றார் லிஃப்ட்காரர். "ஏதோ அவசரம்."

"அவசரம்னா கூப்பிடுவான்."

"உன் புள்ளையா கூப்பிடுவான்? வீம்பு யாருகிட்டேர்ந்து வந்துச்சு அவனுக்கு?"

"என்கிட்டேர்ந்து இல்ல."

'டிங்.'

லிஃப்ட்காரர் மனைவியின் முன்னால் போய் நின்றார். "எந்திரி," என்றார்.

"எதுக்கு?"

"அவன் நம்பர் அந்தப் போன்லதான் இருக்கு."

அவள் ஒரு கணம் அவர் முகத்தை, நரம்பு தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

இரண்டாவது மணியிலேயே சின்னவன் எடுத்துவிட்டான். "அக்கா, அப்பா போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் பாத்துச் சொல்லு," என்று மூச்சு வாங்கினான். பின்னால் ஒரு நாய் ஊரையே பெயர்த்துவிடும்போல் குரைத்துக்கொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் சொல்லவேண்டியதை நூறு தடவை மனதுக்குள் எழுதி வைத்திருந்தார். எல்லாம் பறந்துவிட்டது. முப்பத்துநாலு வருஷமாக, நின்றுபோன லிஃப்டிலிருந்து வரும் அவசரப் போனுக்குச் சொன்னதுதான் வாயில் வந்தது.

"பதறாதீங்க. நான் இருக்கேன். உள்ள எத்தனை பேர்?"

மறுமுனையில் குரைப்பு மட்டும் கேட்டது. பிறகு மெல்ல, "ரெண்டு பேர்ப்பா," என்றான் சின்னவன். "அப்புறம் ஒரு நாய்."

போனில் காதை ஒட்டிக்கொண்டிருந்த அம்மா இரண்டு விரலை உயர்த்திப் பெரியவளிடம் காட்டினாள். பெரியவள் உதட்டைப் பிதுக்கினாள்.

நாய்க்கு என்ன என்று கேட்டார் லிஃப்ட்காரர். சின்னவன் மூச்சுவிடாமல் சொன்னான். கன்றுக்குட்டி அளவு நாய். பாதி உடம்பு வெட்டியாகிவிட்டது, பாதி பாக்கி. டிவியில் மீன் ஓடினால்தான் அது அசையாமல் நிற்கும். எல்லா நாயுமே அப்படித்தான், அதனால்தான் பகல் முழுக்க அந்தப் படத்தையே ஓட்டுகிறான். திடீரென்று மீன் மறைந்துவிட்டது. இப்போது அது மேசைமேல் ஏறி நின்று கத்திரியைக் கேட்கிறது.

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். மூன்று மாதம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அத்தனையும் மனம் உடைந்த மகன் இல்லை. அடங்காத நாய்கள்.

"நம்பரச் சொல்லுங்கப்பா."

"சொல்றேன், குறிச்சுக்கோ. ஏழு."

"ஏழு."

"ரெண்டு."

"ரெண்டு."

"ஒன்பது."

"ஒன்பது. நாலாவது?"

லிஃப்ட்காரர் தன் போனைப் பார்த்தார். நாலாவது எண்ணைச் சொன்ன அடுத்த விநாடி சரிப்பா என்பான், வைத்துவிடுவான். மறுபடி பதினாலு மாதம்.

"கடை எங்க இருக்கு?" என்றார்.

"அப்பா, நாலாவது நம்பர்."

"கடை உன்னோடதா?"

குரைப்பு. ஏதோ தட்டு விழுந்து உருளும் சத்தம். "என்னோடதுதான். மூணு மாசமாச்சு."

"முடி வெட்டுற மெஷினுக்கு எண்ணெய் விடுறியா?"

"வாரம் ஒருதடவ."

"பத்தாது. ரோமம் உள்ள போய்ச் சிக்கும். தினமும் ராத்திரி கழட்டித் துடைச்சு ஒரு சொட்டு விடு. பல்லு மழுங்கினா தூக்கிப் போட்டுடாத, எடுத்து வை. நான் தீட்டித் தர்றேன்."

நாய்கூட ஒரு விநாடி குரைப்பை நிறுத்தியது. சபையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல தமிழ் லிஃப்ட்காரருக்குத் தெரியாது. அது சின்னவனுக்கும் தெரியும்.

"சரிப்பா," என்றான். குரல் மாறியிருந்தது.

பேச்சு நீண்டதில் பத்து நிமிடம் முடிந்துவிட்டதென்று லிஃப்ட்காரரின் போன் அறிவித்தது. எண் செத்துப்போச்சே, இன்னொண்ணு கேளு, நான் எங்கே போகப்போறேன் என்றார் லிஃப்ட்காரர், ஒரு கள்ளச் சிரிப்போடு. நாய்க்கு யாரோ ரொட்டித்துண்டு கொடுத்தார்கள் போல, குரைப்பு முனகலாகக் குறைந்திருந்தது. அந்த முனகலுக்கு நடுவே ஒரு பெண்குரல், தாழ்ந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"இப்பவே சொல்லிடு. இத விட்டா நேரம் கெடைக்காது."

அம்மாவின் விரல்கள் லிஃப்ட்காரரின் தோளில் ஊசியாக இறங்கின.

"அப்பா," என்றான் சின்னவன். "ஒரு விஷயம் சொல்லணும். அம்மாவும் பக்கத்துல இருக்காங்கதானே. குறுக்க பேசாம முழுசாக் கேளுங்க. நானும்—"

அந்த நொடியில் கேபிள் வந்தது.

மொட்டைமாடியில் கேபிள்காரர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டார். ஏற்கெனவே சொருகிவைத்திருந்த புதுப் பெட்டி விழித்துக்கொண்டது. நூறு மேளமும் இருநூறு தாளமும் சேர்ந்த மாதிரி ஒரு பாட்டு, உச்சக் குரலில், வீட்டுச் சுவர்களைப் பிளந்துகொண்டு புறப்பட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெரியவள் ரிமோட்டுக்குப் பாய்ந்தாள். அது பழைய ரிமோட். புதுப் பெட்டியின் ரிமோட் மொட்டைமாடியில், கேபிள்காரரின் சட்டைப்பையில் இருந்தது. லிஃப்ட்காரர் ஒரு காதில் போனையும் மறு காதில் விரலையும் வைத்து அழுத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். பாட்டு அங்கேயும் வந்தது. குளியலறைக்கு ஓடினார். அங்கே எதிரொலியோடு வந்தது. மறுமுனையில் சின்னவன் பேசிக்கொண்டே இருக்கிறான் என்பது மட்டும் காதில் அதிர்வாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை விளங்கவில்லை.

கடைசியில் அம்மா டிவியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

வீடு காலியானது போல் ஓர் அமைதி.

"அவ்வளவுதாம்ப்பா," என்றான் சின்னவன். "இத்தன நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கூப்பிடாம இருந்தேன். சொல்லிட்டேன். சம்மதமா?"

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மகளைப் பார்த்தாள். மகள் இரண்டு கையையும் விரித்தாள்.

கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று சொல்லலாம். பதினாலு மாதம் சேர்த்துவைத்த தைரியத்தை ஒருவன் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு நிற்கும்போது, இன்னொரு தடவை கொண்டா என்று எப்படிக் கேட்பது? இந்த அப்பாவின் ஒரு சொல்லுக்குத்தான் அவன் பஸ் ஏறினான். இன்னொரு தப்பான சொல்லுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

"சம்மதம்," என்றார் லிஃப்ட்காரர்.

மறுமுனையில் ஒரு பெண் அழுதாள், அல்லது சிரித்தாள். நாய் குரைத்தது. "அப்ப புதன்கிழமை வர்றோம்ப்பா, எல்லாருமா," என்றான் சின்னவன். நாலாவது எண்ணைக் கேட்க மறந்து, வைத்துவிட்டான்.

கேபிள்காரர் படியிறங்கி வந்து, படம் தெளிவாக வருகிறதா சார் என்று கேட்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எதுக்குங்க சம்மதம்னு சொன்னீங்க?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

லிஃப்ட்காரர் தன் போனைச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

"புதன்கிழமை தெரிஞ்சுடும்," என்றார்.